கம்பஸில் தொற்றிய கட்டடப் பைத்தியம்

போகவந்தலாவைப் பையன் | 2024 ஜூலை 6, பின்னேரம் 5.20

பேராதனைக்கு வந்து எட்டு மாசம். கலைப்பீடம், தமிழும் பொருளியலும். ஆனா லெக்சருக்குப் போற வழியில கூரையைப் பார்த்துக்கிட்டு நின்னு ரெண்டு தரம் லேட் ஆயிட்டேன். கண்டி டவுன்ல பஸ்ஸை விட்டு இறங்கினா கடையைப் பார்க்கிறதில்ல, கடைக்கு மேல இருக்கிற ரெண்டாம் மாடி ஜன்னலைத்தான் பார்க்கிறேன். கட்டடக் கலை படிக்கணும்னா மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கணும். போகல. ரூம்ல இருக்கிறவன் சொல்றான், இதெல்லாம் கொழும்புப் பணக்காரப் பிள்ளைகள் வேலை, நம்ம மலையகத்துல தோட்ட ஆளுங்க வரிசை வீடான லயத்தையும் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரையும் விட்டா கட்டடம்னு என்ன இருக்கு என்று. சரிதானா? யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

பீலிக்கரை | 2024 ஜூலை 6, இரவு 10.05

நடந்திருக்கிறது. 2007 இல், உன் இடத்திலேயே.

உன் கூட்டாளி கிண்டலுக்குச் சொன்னாலும் விஷயத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறான். லயமும் ஸ்டோரும்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் போனது புவியியல் படிக்க. வீட்டில் போட்ட கணக்கு டீச்சர் வேலை. அதுவே நடந்தது, குறை ஒன்றும் இல்லை. முதலாம் வருஷம் ஏதோ விண்ணப்பம் கொடுக்க செனட் கட்டடத்துக்குப் போனேன். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கியது. குடை இல்லை. தூண் ஒன்றில் சாய்ந்து நின்றேன். கால் மணிநேரம் கழித்துத்தான் உறைத்தது, என் பாதம் காய்ந்து கிடக்கிறது.

தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எங்கள் லயத்தில் தகரத்துத் தண்ணீர் நேராக இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை, விளிம்பில் விழும். விழுந்து விழுந்து அந்த இடம் வரிசையாகக் குழிந்திருக்கும். அம்மா அந்தக் குழிகளுக்கு மேலே வாளி, சட்டி, எண்ணெய் டின் எல்லாவற்றையும் அடுக்குவார். தெறிக்கிற சேறு சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறியிருக்கும். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடித்தால் தைப்பொங்கலுக்கு முன் பழைய நிறம். மழை என்றால் அப்படித்தான் என்று பதினெட்டு வருஷம் இருந்துவிட்டேன். இங்கே கூரை சுவரைத் தாண்டி நீண்டு, தண்ணீரைக் கொண்டுபோய் அப்பால் வடிகானுக்குள் விடுகிறது.

இந்த மழையை முதலிலேயே ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். அப்படியானால் எங்கள் லயத்தைக் கட்டியவர் எதை நினைத்தார்? அன்று பிடித்தது.

பீலிக்கரை | 2024 ஜூலை 7, காலை 6.30

ஞாயிறு. கோதுமை ரொட்டி சுட்டுக்கொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழைக்குப் பொறுப்பில்லை.

அந்த "ஒருவர்" யார் என்று தேடியதுதான் அடுத்த மூன்று மாச வேலை. பேராதனைக்குத் திட்டம் போட்டவர்கள் பேட்ரிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும். அபர்குரொம்பி சின்ன ஆள் இல்லை, 1944 இல் பெரும் லண்டனுக்கான திட்டத்தைப் போட்டவர் அவர்தான். கட்டடங்களை வரைந்து எழுப்பியவர் ஷேர்லி டி அல்விஸ். ஐவர் ஜெனிங்ஸ் துணைவேந்தராக இருந்த காலம். பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தொடங்கி 1952 இல் பேராதனைக்கு வந்தது.

கண்டிக் கூரை, படிக்கு முன்னால் சந்திரவட்டக்கல், தூண் எல்லாம் பார்த்திருப்பாய். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. கலஹா சந்தியில் பஸ்ஸால் இறங்கி நடந்தால் எந்த இடத்திலும் கம்பஸ் முழுக்கத் தெரியாது. ஒரு வளைவு, மரம், கூரை நுனி, பிறகு இன்னொரு வளைவு. கட்டடங்களைச் சமதரையில் குவிக்காமல் பள்ளத்தாக்கின் நெளிவுக்கு ஏற்றபடி தூவியிருக்கிறார்கள். மலையில் பிறந்த எங்களுக்கு அது புதிதில்லை, எங்கள் லயங்களும் அப்படித்தான் தூவிக் கிடக்கின்றன. ஆனால் ஒன்றில் மாணவரை நடக்கவைத்துச் சந்தோஷப்படுத்தத் தூவினார்கள். மற்றதில் ஆளை மலைக்குப் பக்கத்தில் வைக்கத் தூவினார்கள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு நேரத்தோடு வந்து நிற்க வேண்டுமே.

பீலிக்கரை | 2024 ஜூலை 7, காலை 6.52

ரொட்டி கருகிவிட்டது.

பீலிக்கரை | 2024 ஜூலை 9, இரவு 8.40

மொரட்டுவை பற்றிய உன் கவலைக்கு. ஜெஃப்ரி பாவா முதலில் சட்டம் படித்தவர். கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957 இல். பிறந்தது 1919, கணக்கை நீயே போடு. அவருக்குக் காசும் காணியும் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு ஒருவர் வந்து என்னைப் பிடிப்பார். முப்பது தாண்டிய வயதில் நம் வீட்டில் "திரும்பப் படிக்கப் போறேன்" என்றால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

அவர் வேலையைப் பார்க்கக் கொழும்புக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. பண்டாரவளையில் நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம், 1960களின் தொடக்கத்தில் அவர் செய்தது. மூன்றாம் வருஷம் ரயிலில், நம் கோச்சியில் போய், வாசலில் நின்ற சிஸ்டரிடம் அனுமதி கேட்டு உள்ளே போனேன். உடைத்து அடுக்கிய கருங்கல் சுவர். நம் தேயிலை மலைகளில் மண் சரியாமல் கல் அடுக்கிக் கட்டுவார்களே, அந்த அணைச்சுவரின் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. என் தாத்தா அந்தக் கல் வேலை செய்தவர். கும்பிட வேண்டிய இடத்தில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

பீலிக்கரை | 2024 ஜூலை 13, பின்னேரம் 3.15

இப்போது ஸ்டோர்.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, கம்பஸிலிருந்து தூரம் இல்லை. 1925 இல் கட்டிய நாலு மாடித் தொழிற்சாலை, 2001 இல் அருங்காட்சியகமானது. போனால் சாமான்களைப் பார்க்காதே, ஜன்னல்களைப் பார்.

ஸ்டோருக்கு ஏன் அத்தனை ஜன்னல்? பறித்த கொழுந்து முதலில் மேல் மாடிக்குப் போகும். அங்கே பரப்பி வாட்ட வேண்டும், கொழுந்திலுள்ள ஈரம் இறங்க வேண்டும். அதற்குக் காற்று வேண்டும். ஆகவே மேல் மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல். வாடிய கொழுந்து கீழே விழும், உருளைக்குப் போகும், புளிக்கும், அடுப்புக்குப் போகும், சல்லடைக்கு வரும். கொழுந்து ஒரு தரம் ஏறும், பிறகு இறங்கிக்கொண்டே வரும். கட்டடம் முழுக்க அந்த இறக்கம்தான். மாடி எத்தனை, உயரம் எத்தனை, படி எங்கே, எல்லாவற்றையும் கொழுந்து தீர்மானித்திருக்கிறது. இப்போது விசிறி வைத்த தொட்டிகளில் வாட்டுகிறார்கள், பழைய ஜன்னல் பாதி சும்மா நிற்கிறது. ஆனாலும் அவ்வளவு ஒழுங்காக யோசித்த கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சின்ன வயதில் ராத்திரி ஸ்டோர் லைட் எல்லாம் எரியும்போது கப்பல் என்று நினைத்துக்கொள்வேன். கப்பலைப் பார்த்திராத பிள்ளை.

இனி லயத்துக்கு வா. பன்னிரண்டடிக்குப் பத்தடி ஒரு காம்பரா, அதாவது ஒரு அறை. எங்களுடையது இரட்டை லயம், முன்னால் ஆறு, பின்னால் ஆறு, நடுவில் ஒரே சுவர். நடுச்சுவரில் ஜன்னல் வைக்க முடியாது, பக்கச்சுவரிலும் முடியாது. மிச்சம் முன்சுவர். அதில் கதவு.

ஒரே கம்பனி, ஒரே தகரம், ஒரே மலை. கொழுந்துக்கு மூச்சு முட்டக்கூடாது என்று நூறு ஜன்னல் வைக்கத் தெரிந்தவனுக்கு ஆளுக்கு ஒன்று வைக்கத் தெரியாமல் போகவில்லை.

பீலிக்கரை | 2024 ஜூலை 13, இரவு 9.30

மேலே "நூறு ஜன்னல்" என்றது வாய்க்கு வந்த எண். ஒரு ஐயா எண்ணிச் சொல்லச் சொல்கிறார். எண்ணவில்லை ஐயா.

பீலிக்கரை | 2024 ஜூலை 14, காலை 7.00

எண்ணாமல் விட்டதும் தப்புதான். இரண்டாம் வருஷத்திலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன்: எதைப் பார்த்தாலும் எண்ணுவது, அடி வைத்து அளப்பது. என் செருப்பு ஒன்பதரை அங்குலம். போட்டோகொப்பி நோட்ஸின் பின்பக்கத்தில் படம். அளவுநாடா வாங்கக் காசு இல்லாமல் இல்லை, பொம்பளைப் பிள்ளை ரோட்டில் நாடா பிடித்துக்கொண்டு குனிந்தால் ஊரே நின்று பார்க்கும். அடி வைத்து நடந்தால் யாருக்கும் தெரியாது.

தெரியாது என்று சொன்னேனா? ஒரு டவுனில் பெரிய பழைய ஹோட்டல் ஒன்றின் முகப்பை அப்படி அளந்துகொண்டு போனபோது செக்யூரிட்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். கடைசியில், "நங்கி, என்ன தொலைச்சுட்டீங்க?" என்று அரைத் தமிழில் கேட்டார். ஒரு காது தோடு என்றேன். மனுஷன் பாவம், பத்து நிமிஷம் என்னோடு சேர்ந்து தேடினார்.

பீலிக்கரை | 2024 ஜூலை 20, பகல் 11.20

போயா, பௌர்ணமி லீவு. கண்டி டவுன் பற்றிக் கேட்டிருந்தாய்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கு. கடைப்பக்கம் போகாமல் தெருக்களின் கோணத்தைப் பார். நேர்நேராகக் கட்டம் போட்ட தெருக்கள். வெள்ளைக்காரன் போட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, ராஜா காலத்து வீதிகள் அவை. பெயரைத்தான் மாற்றினார்கள், அதில் பாதி திரும்பவும் மாறிவிட்டது. கிழக்கே அரண்மனையும் தலதா மாளிகையும், அதற்கு எதிரே வீதிகள். மலபார் வீதி என்று ஒன்று இருக்கிறது பார், நாயக்கர் ராஜாக்களின் சொந்தக்காரர் இருந்த இடம். நான் முதன்முதலில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது நம்மாள் ஒருவர் கைகாட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

பிறகு குளம். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1817 இல் வெட்டியது. அதற்கு முன் அங்கே வயல். குளத்தைச் சுற்றி அலை அலையாக ஒரு வெள்ளைச் சுவர் ஓடும், மேகச் சுவர் என்று அர்த்தம் வரும் சிங்களப் பெயர். அதிலுள்ள சின்ன ஓட்டைகள் விளக்கு வைக்க. எண்கோண மண்டபமும் அந்தக் காலம்தான், தேவேந்திர மூலாச்சாரி என்ற சிற்பி. சுவர் குளத்தை முழுக்கச் சுற்றி வராது, பாதியில் நின்றுவிடும். ராஜாவுக்கு நேரம் போதவில்லை.

பீலிக்கரை | 2024 ஜூலை 20, பகல் 12.05

1817 என்று எழுதியிருக்கிறேன். 1815 இல் ராஜாவைப் பிடித்து, பிறகு வேலூர்க் கோட்டைக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கிருந்து எப்படி மனுஷன் கண்டியில் குளம் வெட்டுவார்? 1807. என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

பீலிக்கரை | 2024 ஜூலை 21, இரவு 9.10

"குளம் அழகு, ஆனால் யார் வேர்வை?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ராஜாவுக்குக் கட்டாய ஊழியம் செய்தவர்களின் வேர்வை. அந்த வேலைக்கு ஆளை வாங்கியதால் பிரதானிகளுக்கும் மனக்கசப்பு. நான் அந்தக் குளத்தடியில் பல பின்னேரம் உட்கார்ந்திருக்கிறேன், கடலை தின்றிருக்கிறேன், ஒரு நாளும் அதை நினைக்கவில்லை. லயத்தைப் பற்றி அவ்வளவு பேசுகிறவள் குளத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டேன். நுவரெலியாத் தபாற்கந்தோர் விஷயத்திலும் எனக்கு இதே வியாதி. 1894 இல் கட்டிய சிவப்புச் செங்கல், கூர்க்கோபுரம், மணிக்கூடு, அப்படியே சீமையைப் பெயர்த்து வைத்த மாதிரி. முதல் வருஷம் காதல், இரண்டாம் வருஷம் வெட்கம். இவன் ஊர் ஞாபகத்துக்கு நம் குளிரில் ஒரு பொம்மை கட்டிவைத்தால் நான் ஏன் வாயைப் பிளக்க வேண்டும் என்று. 2023 நவம்பரில் அந்தக் கட்டடத்தைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கக்கூடாது என்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வகுப்பை முடித்துவிட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் அப்பாயி வாழ்க்கையில் அனுப்பிய ஒரே தந்தி அங்கிருந்துதான் திருச்சிக்குப் போனது.

பீலிக்கரை | 2024 ஜூலை 28, பின்னேரம் 4.00

தமிழ் படிக்கிறவன் என்றாய். உனக்கென்று ஒரு நடை: எம்பக்க, லங்காதிலக, கடலாதெனிய. மூன்றும் பேராதனைக்குப் பக்கத்தில் உள்ள பழைய வழிபாட்டிடங்கள். எம்பக்கயில் தொடங்கி வயல் வழியாக நட.

எம்பக்க தேவாலயம் தெய்வக் கோயில், அதில் மரத்தூண்கள். மல்யுத்தம், அன்னம், பால் கொடுக்கும் தாய், இரட்டைத் தலைப் பறவை. எல்லாரும் தூணைப் பார்ப்பார்கள். நீ மேலே பார். இருபத்தாறு கைமரங்களை ஒரே ஒரு மர ஆப்பு பிடித்து நிற்கிறது. நான் கழுத்து வலிக்கப் பார்த்து, பிறகு தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பூசாரி கபுவா மகத்தயா சிரித்தார்.

கடலாதெனிய 1344, நாலாம் புவனேகபாகு காலம், தலைநகர் கம்பளை. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி தென்னிந்தியர், பெயர் கணேஸ்வராச்சாரி. விகாரைதான், ஆனால் உள்ளே போனால் கல்தூணும் அதன் தலையிலுள்ள போதிகையும் நம் கோயிலை ஞாபகப்படுத்தும். லங்காதிலகயும் அதே காலம், அங்கே பாறையில் சிங்களத்திலும் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. அந்தத் தமிழை வாசிக்க முயன்று இரண்டு எழுத்துக்கு மேல் போக முடியவில்லை. நீ முயன்று பார்.

நம்மை இருநூறு வருஷத்துக்கு முன் கோப்பி வெட்ட வந்தவர்கள் என்று மட்டும் கேட்டு வளர்ந்திருப்பாய். நானும். நம் தாத்தா வந்தது அப்படித்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அதே மலையில் அறுநூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் ஒரு ஆச்சாரி மேஸ்திரியாக நின்று கல்லுக்குக் கல் கணக்குச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பெயரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தேன்.

பீலிக்கரை | 2024 ஜூலை 28, பின்னேரம் 4.10

குடிக்கத் தண்ணீர் கொண்டு போ. அட்டைக்கடிக்குச் சவர்க்காரம்.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 3, இரவு 10.30

நகரத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை என்று குறை வந்திருக்கிறது. சரி.

மூன்றாம் வருஷம் நகரப் புவியியல். கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன்காரர் 1933 இல் எழுதியது: நகரங்கள் அறுகோண வலை மாதிரி அமையும், சின்ன ஊர்களுக்கு நடுவில் பெரிய ஊர். கரும்பலகை முழுக்கத் தேன்கூடு. நான் கொப்பியில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று புள்ளி வைத்தேன். தேன்கூடு வரவில்லை. மாலை வந்தது. கோச்சிப் பாதை ஒரு நூல், அதில் கோத்த மணிகள். சமதரை இருந்தால்தான் தேன்கூடு. நமக்கு மலை, மலையின் இடுப்பில் தண்டவாளம், ஸ்டேஷன் வந்த இடத்தில் கடை. அந்தப் படத்தை விரிவுரையாளர் வகுப்பில் எல்லாருக்கும் காட்டினார். நான் அன்றைக்கு மதியம் சாப்பிடவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஹட்டன் மெயின் ரோட்டில் நின்று பார்த்தால் இரண்டு மாடிக் கடை. பின்பக்கம் போய்ப் பள்ளத்திலிருந்து பார்த்தால் அதே கடை ஐந்து மாடி. முன்னால் புடவை, கண்ணாடி, லைட். பின்னால் தூண், பைப், காயப்போட்ட துணி, சாமான் ஏற்றும் கயிறு. சம்பள நாளில் முன்பக்கத்தில் காலடி வைக்க இடம் இருக்காது. மலைநாட்டு டவுன் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. நீ ரெண்டாம் மாடி ஜன்னலைப் பார்க்கிறாய் அல்லவா, இனிமேல் கீழே இருக்கும் மூன்று மாடியையும் போய்ப் பார்.

இன்னொன்று, ஆண்பிள்ளைக்குத் தெரியாதது. ஒரு டவுன் நல்ல டவுனா என்று நான் பார்க்கும் முதல் இடம் பஸ் ஸ்டாண்ட் மலசலகூடம். பெயர் சொல்லாத ஒரு ஊரில் மூன்று மணிநேரம் பஸ்ஸுக்குக் காத்திருந்து, தண்ணீர் குடிக்காமலே பழகிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதை வரைந்தவர் ஒரு நாளும் அங்கே காத்திருந்ததில்லை.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 4, காலை 8.15

ஒன்பது வளைவுப் பாலம் பற்றி இத்தனை கேள்வியா. சுருக்கமாக: எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒரு கோச்சிப் பாலம், 1921, கல், செங்கல், சீமெந்து. இரும்பு இல்லை. முதல் உலகப் போருக்கு இரும்பெல்லாம் போய்விட்டதால் இரும்பில்லாமல் கட்டினார்கள் என்பது வழக்கமான கதை. நானும் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு யோசித்தால் கதை தேவையே இல்லை. கல்லையும் செங்கல்லையும் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிரியும். வளைவில் வரும் பாரம் எல்லாம் அமுக்கம்தான், ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தள்ளிக்கொண்டே பாரத்தைத் தூணுக்குக் கடத்துகிறது. இரும்பு அங்கே இருந்தால்தான் ஆச்சரியம். படம் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். எனக்குத் தெமோதரை ஸ்டேஷன்தான் பிடிக்கும்: கோச்சி ஸ்டேஷனை விட்டு வெளிக்கிட்டு மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தால் போகும். மேலே நாங்கள் நின்ற மேடை, கீழே நாங்கள்.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 11, இரவு 9.45

பெரஹரா ஊர்வலக் காலம். கண்டிக்குள் கால் வைக்க முடியாது, ஆகவே வீட்டில் இருந்து எழுதுகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மினட் டி சில்வா. 1918 இல் கண்டியில் பிறந்தவர். 1948 இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். கொழும்பில் கடை திறக்காமல் கண்டிக்குத் திரும்பி வந்து வேலை செய்தவர். தும்பறைப் பாய் நெசவு, சுட்ட களிமண் ஓடு, அரக்கு வேலை எல்லாவற்றையும் புதுக் கொங்கிரீட் வீட்டுக்குள் கொண்டுவந்தார். இந்தப் பெயர் எனக்குத் தெரிய வந்தது இறுதி வருஷம். கண்டித் தெருக்களில் மூன்று வருஷம் அடி வைத்து அளந்துகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் ஒரு பெண் அதே டவுனில் இருந்திருக்கிறார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கண்டியில் வட்டபுளுவ வீட்டுத்திட்டம் அவருடையது, 1950களின் இரண்டாம் பாதி. அரசாங்க உத்தியோகத்தருக்கான வீடுகள், பல இனத்தவர். வரைவதற்கு முன் வரப்போகிறவர்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். எப்படிச் சமைப்பீர்கள், சாமியறை வேண்டுமா, அப்படி. பதிலைப் பார்த்துப் பல மாதிரி வீடு வரைந்தார்.

நூலகத்தில் அதை வாசித்துவிட்டு புத்தகத்தை மூடி வைத்தேன். கேட்கலாமா? கேட்டுவிட்டுக் கட்டலாமா?

இன்னும் ஒன்று. அவருடைய அம்மா அக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழு, தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் பதில் சொன்னவர். 1931 இல் வாக்குரிமை வந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து நம்மவர் பெரும்பாலானோரிடமிருந்து அது போனது. கட்டடத்தை விட்டு எங்கேயோ போகிறேன் என்று நினைக்காதே. அம்மா அவர்களிடம் கேட்க வேண்டும் என்றார், மகள் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 12, காலை 5.50

தூக்கம் வரவில்லை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அந்த லீவில் வீட்டுக்குப் போய் என் அம்மாவுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்தேன். கொடுத்தேன் என்றால், வாசித்துக் கேட்டேன். முதலில் எங்கள் காம்பராவை அளந்து வரைந்த படத்தை விரித்தேன். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"நம்ம வீட்டையா வரைஞ்ச? இதில வரைய என்னா இருக்கு?"

அரை நிமிஷம் கழித்து, "அடுப்ப தப்பா வச்சிருக்க."

நான் மூலையோடு ஒட்டி வரைந்திருந்தேன். மூலைக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு சாண் இடம் உண்டாம், ஈர விறகைச் சாய்த்துக் காயவைக்க. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியவில்லை. பிறகு பென்சிலைப் பிடுங்கிக்கொண்டார். புகை எந்தச் சுவரில் ஏறும், சாமிப்படம் ஏன் அந்தச் சுவரில் இல்லை, மழைக்குக் கோழியை எங்கே கவிழ்ப்பது, விருந்தாளி வந்தால் யார் எங்கே படுப்பது, அப்பாயி செத்தபோது எந்தப் பக்கமாகத் தூக்கினோம். 120 சதுர அடிக்குள் அம்மா இருபது இடம் காட்டினார். எனக்குப் படத்தில் கிடைத்தது நாலு.

புது வீடு கட்டினால் என்ன வேண்டும் என்று கேட்டேன். பெரிய வீடு, மாடி வீடு என்பார் என்று நினைத்தேன். "வெறகு நனையக்கூடாது. பின்னால ஒரு கதவு வேணும்." அவ்வளவுதான். முன்கதவு மட்டும் உள்ள வீட்டில் முப்பது வருஷம், வருகிறவர் போகிறவர் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம். கோபித்துக்கொண்டு போகவும் வழி ஒன்றுதான்.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 17, இரவு 8.20

"அம்மாவுக்குப் பின்கதவு கிடைத்ததா?" என்று நாலு பேர்.

கிடைத்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. எந்தத் திட்டம் என்று கேட்காதீர்கள். சமையலறையில் சிமெந்துத் தட்டு இருக்கிறது, காஸ் அடுப்புக்கு. விறகுக்கு இடம் இல்லை. குடியேறிய மூன்றாம் மாசம் எல்லா வீட்டுக்கும் பின்னால் தகரச் சாய்ப்பான பத்தி இறங்கிவிட்டது, ஒரே மாதிரி, யாரும் யாரையும் கேட்காமல். பத்திக்குள் அடுப்பு, அடுப்புக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு சாண் இடம். சிமெந்துத் தட்டில் பேரப்பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து படிக்கிறார்கள்.

பத்திகளை அழுக்கு என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். வட்டபுளுவவில் கேள்விக்கொத்தில் எழுதிய பதிலை நம் ஆட்கள் தகரத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 18, காலை 9.00

லயத்தில் இருந்த ஒற்றுமை தனி வீட்டில் இல்லை, சுவரில் தட்டினால் பக்கத்து வீட்டு அக்கா உப்பு நீட்டுவார், அந்தக் காலம் போச்சு என்று ஒரு அண்ணன் உருகியிருக்கிறார். அண்ணே, நீங்கள் கனடாவிலிருந்து எழுதுகிறீர்கள். அதே சுவர் வழியாகத்தான் பக்கத்து வீட்டு அடிதடியும் கேட்டது, பரீட்சைக்கு முதல் நாள்.

இருந்தாலும் உப்பு உண்மைதான். அது எந்தச் சுவர் வழியாக வரும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போகவந்தலாவைப் பையன் | 2024 ஓகஸ்ட் 31, இரவு 7.40

அக்கா, லீவுக்கு வந்தேன். எங்க லயத்த அளந்து வரைஞ்சிருக்கேன், அடி வச்சுத்தான். படம் போட்டிருக்கேன். தப்பு சொல்லுங்க. அம்மா ஒரு தப்பும் சொல்லல, சிரிச்சாங்க.

பீலிக்கரை | 2024 ஓகஸ்ட் 31, இரவு 9.15

பார்த்தேன். சுவரின் கனத்தை வரைந்திருக்கிறாய், நல்லது, நான் முதல் படத்தில் கோடு மட்டும்தான் போட்டேன். தகரத்தின் சரிவு கூடிப்போச்சு, அவ்வளவு இருந்தால் மழை உங்களைத் தொந்தரவு செய்யாது.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து வாசலுக்கு ஏறி வரும் படியைக் காணவில்லை. எத்தனை படி என்று நீ போய் எண்ணாதே. குடத்தோடு ஏறுகிற ஆள் வீட்டில் இருக்கிறார், அவரிடம் கேள். எண்ணாமலே சொல்லுவார், எந்தப் படி ஆடும் என்பதையும் சேர்த்து. ஆடுகிற படியைப் படத்தில் தனியாகக் குறி.